பட்டனுக்காக ஒரு வசூல்

பூனைக்கு ஆபரேஷன், சாயங்காலத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பூனைக்கு என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவனுக்கு இந்தத் தடவை என்ன பணமுடை என்றுதான் அவர்கள் மனசு ஓடியது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்குப் பள்ளிச் சட்டை தைக்கிறார்கள். நான் இஸ்திரி போடுகிறவன். கைமாத்து கேட்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வாங்கியதைத் திருப்பியும் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் நான் வாங்கியதை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு, கொடுத்தது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

பட்டன் விஷயத்தில் நான் பொய் சொல்வேனா? போன மழையில் கழிவுத்துணி மூட்டைக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியை, லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் வெளியே எடுத்தது இந்தக் கைதான். உடம்பு முழுக்க வெள்ளை, நெஞ்சில் மட்டும் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. அதனால் பட்டன். எலித்தொல்லை குறைந்ததால் மேனேஜரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அதன் பிறகு அது எல்லாருக்கும் செல்லம். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வீட்டில்கூட என்னைக் கண்டதும் யாரும் எழுந்து வருவதில்லை, அது வரும்.

முந்தின நாளே அது சாப்பிடவில்லை. காலையில் வந்து பார்த்தால், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் எச்சில் ஒழுக, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டு கிடந்தது. சட்டைப் பெட்டி ஒன்றில் போட்டுத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அந்தம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்.

"ஊசிய முழுங்கியிருக்கு. நூலோட. நூல் நாக்குக்கு அடியில மாட்டியிருக்கு, ஊசி வயித்துக்குள்ள போயிடுச்சு. குடல் அசைய அசைய அந்த நூலே அறுத்துடும். இன்னிக்கே பண்ணணும்."

"பண்ணிடுங்கம்மா."

"பாதிப் பணம் முன்னாடி கட்டணும். போன மாசம் ஒருத்தர் நாயை விட்டுட்டு, இதோ வரேன்னு போனவர்தான். நாய் இன்னும் இங்கதான் இருக்கு."

கூண்டுக்குள் ஒரு நாய் நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. நானும் அப்படிப்பட்ட ஆளா என்பது போல அதுவும் என்னைப் பார்த்தது. எக்ஸ்ரேயை என் போனில் படம் பிடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். தாமதமாக வந்ததற்கு அரை நாள் சம்பளம் போயிற்று.

வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். "எந்தப் பூனை?" என்றாள். "நாலு கால் பூனையா, பாட்டில்ல வர்ற பூனையா?" போனை வைத்துவிட்டேன்.

டீ இடைவேளையில், பட்டன் போட்டு வைக்கும் தகர டப்பா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் என் சட்டைப் பையில் இருந்ததை எல்லாரும் பார்க்க உள்ளே போட்டேன். அதற்கும் காலர் தைக்கிறவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"தூண்டில்ல புழு மாட்டுற மாதிரியா அண்ணே?"

"வாய்க்கு வந்தத பேசாத. படத்தப் பாரு."

பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புக்குள் வெள்ளையாக விலா எலும்புகள், நடுவில் நேராக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மாறியது. ஊசியோடு பிழைக்கிறவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். காலர்காரர் போட்டார். காஜா எடுக்கும் பெண் போட்டாள். அவள் சம்பளத்தில் யாருக்கும் கொடுக்க மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் போட்டாள். டப்பா பாதி நிறைந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

அப்படியே ஊசி ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தேன்.

ஸ்டோர் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தைச் சட்டையில் ஊசித் துண்டு ஒன்று போனாலும் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் நாங்கள் வேலை செய்யும் மாடியில் ஒரு சட்டம். மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கா அவற்றைச் சேர்த்துப் பார்த்து, முழு ஊசியாகிறது என்று திருப்தியானால்தான் புது ஊசி. ஒரு பொடி குறைந்தாலும் அந்த லைனே நின்று தேட வேண்டும். துண்டுகளை நாடா போட்டு ஒரு பலகையில் ஒட்டி, யாருடையது என்று எழுதி வைப்பார். வெளி ஊசி, குண்டூசி, சேஃப்டி பின் எதுவும் உள்ளே வரக்கூடாது. காஜாக்காரி ஒரு நாள் மேல்சட்டை கிழிந்ததற்குச் சேஃப்டி பின் குத்திக்கொண்டு வந்தபோது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் இந்த அக்காதான் பிடித்துக் கொடுத்தார். மூன்று நாள் சஸ்பெண்ட். ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதில் மாடியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. பட்டன் மட்டும் மத்தியானத் தூக்கத்துக்கு என் மேசையை விட்டுவிட்டு அவருடைய நாற்காலிக்குத்தான் போகும். அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு.

அக்கா என் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது மெஷின் ஊசி இல்ல. கை ஊசி."

"எதுவா இருந்தா என்னக்கா? உள்ள இருக்கு."

"எதுவா இருந்தா என்னவா? இந்த மாடியில கை ஊசி, கடைசியா கைத்தையல் போடற ஃபினிஷிங் மேசையில மட்டும்தான் இருக்கு. காலையில நான் எண்ணித்தான் குடுக்கறேன், சாயங்காலம் எண்ணித்தான் வாங்கறேன்."

எழுந்து போனார். ஃபினிஷிங் பெண்களிடம் இருந்த ஊசிகளையெல்லாம் வாங்கிக் காந்தத் தட்டில் ஒட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"என் ஊசி எதுவும் காணாம போகல. அப்ப இது நம்ம பூனையோட எக்ஸ்ரே இல்ல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "இன்னிக்கே வேணும், உடனே வேணும்னு அவசரப்படுத்தறதெல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். காலர்காரர் வந்து டப்பாவுக்குள் கைவிட்டுத் தன் நோட்டை எடுத்துக்கொண்டார். "தப்பா நெனக்காதீங்க அண்ணே." பின்னாலேயே மற்றவர்கள். காஜாக்காரி மட்டும் எடுக்கவில்லை, ஆனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போட்டது அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டி இல்லாமலே துணி தேய்க்கலாம். ஒரு கணக்கும் எனக்குத் தோன்றியது. ஊசி காணாமல் போனதாக அக்கா ஒப்புக்கொண்டால் வாரம் முழுக்கத் தைத்த சட்டைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஸ்டோரில் அவருடைய நாற்காலியும் ஆட்டம் காணும். இந்தம்மா எதையோ மூடி மறைக்கிறாள். நாற்காலிக்காகப் பூனையைச் சாகவிடுகிறாள்.

"நம்பலன்னா வந்து பாருங்க" என்றேன். "சாப்பாட்டு நேரத்துல போலாம். நான் சொன்னது பொய்யா இருந்தா, நாளைக்கே வேலையை விட்டுப் போயிடறேன்."

"வரேன்" என்றார், கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறவர் போல.

வழி நெடுக என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார். டாக்டர் எனக்குச் சொந்தமா என்று கேட்டார். எனக்கு டாக்டர் சொந்தம் இருந்தால் நான் ஏன் இஸ்திரி போடுகிறேன் என்றேன். எக்ஸ்ரே எடுத்ததற்கு எவ்வளவு கமிஷன் என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன். அவர் தனக்குள் "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலில் அதட்டல் குறைவாக இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

பட்டன் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. அக்கா குனிந்து, "டேய்" என்றார். அது தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் வாலை மட்டும் அசைத்தது. கம்பி மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"பூனை நம்மதுதான்" என்றார் திரும்பாமல். "எக்ஸ்ரே?"

டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க வைத்தியம் பாக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" பட்டனைத் துண்டில் சுற்றி மேசையில் வைத்து, ஒரு கையால் தாடையைத் திறந்து, விரலால் நாக்கைத் தூக்கினார். "நீங்களே பாருங்க."

இந்தத் தடவை நானும் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். நாக்கின் அடியில் சதைக்குள் இறங்கி, ஒரு நூல் இறுகியிருந்தது. மஞ்சள் நூல்.

எனக்குப் பகீரென்றது. இந்தச் சீசன் முழுக்க எங்கள் மாடியில் இரண்டே நிறம்தான், வெள்ளையும் கருநீலமும். மஞ்சள் நூல் ஒரு கண்டுகூடக் கிடையாது. தொலைந்தோம், "பாத்தீங்களா, இது நம்ம நூலே இல்ல" என்று சொல்லிவிட்டு இந்தம்மா நடையைக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

அக்கா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாற்காலி. அதில் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கும் மஞ்சள் மெத்தை. போன வாரம் அதன் ஓரம் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டன் அந்தப் பஞ்சைப் பிடித்து இழுத்து விளையாடியதை நானே பார்த்தேன். அப்புறம் எப்போதோ அந்த ஓரம் சரியாகிவிட்டது. யார் தைத்தது, எதை வைத்துத் தைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்க மாடியில் ஆள் ஏது?

எத்தனையோ நாள் காத்திருந்த சந்தர்ப்பம். ஆனால் சொல்வதற்கு என்று நாக்கில் வைத்திருந்ததெல்லாம் வரவில்லை.

"நாலு தையல்தான்" என்றார் அக்கா, யாரிடமோ பேசுவது போல. "ஸ்டோர் ஊசிய சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாதில்ல. அதான் வீட்லேர்ந்து கொண்டுவந்தேன். மணியடிச்சுட்டாங்க, அப்படியே மெத்தையில குத்தி வச்சுட்டு எழுந்து போனேன். வந்து பாத்தா இல்ல. எல்லாரும் போனப்புறம் தேடினேன். வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன் போலன்னு மனச சமாதானப்படுத்திக்கிட்டேன்."

"காலையில எக்ஸ்ரேவ அவ்வளவு நேரம் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "தெரியாதுன்னு சொன்னா நம்புவீங்களா?"

நம்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டாக்டர் பட்டனைத் திரும்பக் கூண்டில் வைத்தார். "உங்க கதைய அப்புறம் பேசிக்கங்க. இனிமே தாமதம் பண்ணினா நான் வயித்தத் திறந்தும் பிரயோஜனம் இல்ல."

அக்கா பையைத் திறந்து இருந்ததை எடுத்து வைத்தார். நான் டப்பாவைக் கவிழ்த்தேன். அதில் காஜாக்காரியின் நோட்டும் என்னுடையதும் இருந்தன. டாக்டர் கேட்ட பாதிக்கு அது வெகு தூரம். இனி மாடிதான் கதி. ஆனால் நான் கேட்டால் செருப்பைத்தான் காட்டுவார்கள். கேட்க வேண்டியவர் அக்கா. 'போய்ப் பார்த்தேன், நம்ம பூனைதான், பணம் கொடுங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொடுத்துவிடுவார்கள். ஊசி யாருடையது என்பதைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும். அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மாடியில் மெஷின்கள் ஓடத் தொடங்கியிருக்கும். அக்கா சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். "மெஷினெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க. இந்தப் போனை மாடி மைக் பக்கத்துல வைங்க. ஆமா, எல்லாருக்கும்தான்."

மெஷின்களின் இரைச்சல் போனுக்குள் மெல்ல அடங்குவது எனக்கும் கேட்டது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் ஸ்டோர்லேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பித்தார், பழக்கத்தில். நிறுத்தினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். இஸ்திரிக்காரர் சொன்னது நிஜம். பூனை நம்ம பட்டன்தான். வயித்துல ஊசி இருக்கு. ஃபினிஷிங் பொண்ணுங்க யாரையும் சந்தேகப்படாதீங்க. அது என் ஊசி. நான்தான் வீட்லேர்ந்து கொண்டுவந்தேன், தொலைச்சேன், யார்கிட்டயும் சொல்லல." போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டலன்னா அது செத்துடும். என்னை என்ன வேணா சொல்லுங்க. அதுக்கு மட்டும் குடுங்க."

மேனேஜர் காதிலும் விழுந்திருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

யாரோ மைக் பக்கம் வந்தார்கள். காஜாக்காரியின் குரல்.

"ஒரு பின்னுக்கு எனக்கு மூணு நாள் சம்பளம் போச்சு அக்கா."

"தெரியும்மா."

"இன்னும் எவ்வளவு குறையுது?"

அக்கா சொன்னார்.

"நான் எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கறேன். ஆனா டாக்டரோட நம்பர சொல்லுங்க, நேரா அவங்களுக்கே போன்ல அனுப்பிடறோம். இஸ்திரி அண்ணன் கையில வேணாம்." அதோடு விடவில்லை. "உங்க கையிலயும் வேணாம்."

"சரிம்மா" என்றார் அக்கா.

டாக்டரின் போன் விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கியது. சின்னச் சின்னத் தொகைகள். ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையுறையைத் தேடினார். பாதிப் பணம் சேர்ந்ததும் பட்டனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் அக்காவும் அந்த நாய்க்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பவில்லை. கதவு திறந்து, டாக்டர் ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். உள்ளே ஊசி, மஞ்சள் நூலோடு.

"பொழச்சுக்கும்" என்றார்.

அக்கா குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை உடைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார், வேறென்ன. அப்புறம் அந்தக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அந்த ஊசியைப் பலகையில் தானே ஒட்டி, தன் பெயரைத் தானே எழுதினார். வாரம் முழுக்கத் தைத்த சட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் வேலை தப்பியது. ஸ்டோர் போய்விட்டது. சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை கொடுத்து, என் இஸ்திரி மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார்கள். இத்தனை நாள் அவருக்கு வணக்கம் சொல்லி உள்ளே விட்ட வாசல் காவலாளி, இப்போது தினமும் பையைத் திறக்கச் சொல்கிறார். அக்கா முழுதாகக் கவிழ்த்துக் காட்டுகிறார். காலர்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, பழைய பாக்கி எப்போது வரும் என்றும் கேட்டார்.

வயிற்றில் முடி மழித்த தையலோடு பட்டன் திரும்பி வந்த அன்று மாடியே எழுந்து நின்று பார்த்தது. அது யாரையும் சட்டை செய்யவில்லை. நேராக அக்காவின் புது இடத்தைக் கண்டுபிடித்து, பெஞ்சில் கிடந்த மஞ்சள் மெத்தைக்கு அடியில் வந்து நின்று மேலே பார்த்தது.

அக்கா எழுந்தார். புது ஸ்டோர்க்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த காந்தத்தை மெத்தை முழுக்க ஓட்டினார். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஓரத் தையலைப் பிதுக்கிப் பார்த்தார். அப்புறமும் நம்பிக்கை வராமல் மெத்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவை பாருங்க."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கினேன். துணியில் ஒரு மணல் கிடந்தாலும் என் கைக்குத் தெரியும். மேலும் கீழும் மெதுவாகத் தடவினேன்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

வாங்கிப் பெஞ்சில் போட்டார். மறுபடி தடவிப் பார்க்கவில்லை. பட்டனைத் தூக்கி அதன்மேல் விட்டுவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.